மூசேக்குப் பக்கத்து இடம்

மூசேயைக் குழியில் இறக்கிய பிறகு டீக்கன் எப்ராயிம் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். காதில் விழுந்தது. பதில் சொல்லத் தோன்றவில்லை.

"பக்கத்துல இடம் விடலாமா தம்பி?"

எங்கள் சபையில் அது வழக்கம். மனைவி முன்னால் போய்விட்டால், மண் தள்ளுவதற்கு முன் கணவனிடம் கேட்பார்கள். விடுங்கள் என்று சொன்னால் அந்த இடம் அவனுக்கு. சொல்லாவிட்டால் அடுத்துச் சாகிறவருக்கு. 1949. தனிநாடு கேட்டு எழுந்த எங்களை அடக்க, ரங்கூனுக்கு வடக்கே எங்கள் ஊரான இன்சேனைப் பர்மா சர்க்கார் படை சுற்றி வளைத்துப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. சர்ச் வளாகத்தில் மாமரங்களுக்கும் ரயில்வே வேலிக்கும் நடுவில் அதற்குள் எங்கள் கரேன் இனத்தார் முப்பத்தொரு பேர் படுத்திருந்தார்கள். அடுத்துச் சாகிறவர் வர அதிக நேரம் ஆகாது.

என் கையில் கொடுத்திருந்த மண்கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"விடுங்க ஐயா," என்றான் பெர்சி.

பாடகர் குழுவோடு நின்றிருந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. டீக்கன் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குப் பதிலாக அவன் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்கு நான் எதையாவது நினைத்தேன் என்றால் அதைத்தான் நினைத்தேன். ஒரு ஆள் படுக்கும் அளவு மண்ணை விட்டுவிட்டு அடுத்த குழிக்குக் கயிறு பிடித்தார்கள்.

மூசே ஆஸ்பத்திரிக்காக வெந்நீரில் அலசிய துணிகளைக் காயப்போடப் போனாள். மார்ட்டர் குண்டு கொடிக்கயிற்றுக்கு அருகில் விழுந்தது. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு மாதம்.

நான் அழவில்லை. அதை ஊர் கவனித்திருந்தது. பெர்சி அழுததையும் கவனித்திருந்தது.

ஒன்பது நாள் கழித்து அங்கே போனேன். எல்லாக் கல்லறைக்கும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தகடு செய்து தந்தார்கள். பாய்லர் தகட்டை வெட்டி, உளி வைத்து எழுத்து அடித்து, ரயில் ஆணியோடு பற்றவைப்பார்கள். செய்கிறவன் பெர்சிதான். மூசேயின் தகடு மற்றவற்றைவிட நன்றாக இருந்தது. விளிம்பை அரம் போட்டு மழுக்கியிருந்தான். பக்கத்தில், வெட்டாமல் விட்ட மண்ணில், இன்னொரு தகடு நின்றது. பெர்சி. பிறப்பு 1921. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

டீக்கன் மாமரத்தடியில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்தார்.

"அது என்ன ஐயா?"

"எது?"

"அந்தத் தகடு."

"அவன்தானே இடம் கேட்டான்?"

"அவ என் பொண்டாட்டி."

"இல்லைன்னு யாரு சொன்னா? கேக்க வேண்டிய நேரத்துல உன்னைத்தான் கேட்டேன். நீ வாயத் தொறக்கல. நான் என்ன செய்யட்டும், உன் தாடையப் பிடிச்சுத் தொறக்கவா?"

பெர்சியை வரச்சொன்னார். கை முழுக்க கிரீஸோடு வந்தான். என்னைவிட ஒரு வயது குறைவு, அரையடி உயரம் குறைவு. ஆனால் நெஞ்சு அகலம். பாடுகிறவன் நெஞ்சு.

"எனக்காகத்தான் கேட்டேன்," என்றான். "ஒளிச்சு மறைச்சுச் செய்யலியே. பேரு போட்டுத்தான் வெச்சிருக்கேன்."

"உனக்கு என்ன உரிமை?"

"ஆறு வருஷம் அவ பக்கத்துல நின்னுருக்கேன். வாரம் தவறாம. நீ பதினாலு மாசம்."

"பாட்டுப் பாடுறதும் குடும்பம் நடத்துறதும் ஒண்ணா?"

"இல்ல. பாட்டுல சுருதி சேரணும்."

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். டீக்கன் மண்வெட்டிக் காம்பை எங்கள் இருவருக்கும் குறுக்கே நீட்டினார்.

"சும்மா இருங்கடா. அங்க நாலு பேர் பாயில சுத்திக் கெடக்காங்க, குழிக்குக் காத்துக்கிட்டு. தூவா, நான் ஒண்ணு சொல்றேன் கோவிச்சுக்காத. நீ பி.ஏ. படிச்சவன், சின்ன வயசு. சண்டை முடிஞ்ச மூணாம் மாசம் எவளாவது உன்னைக் கட்டிப்பா. அப்புறம் அவ பக்கத்துலதான் படுப்ப. இந்த இடம் விழுந்த பல்லு மாதிரி காலியாக் கெடக்கும். இவன் கட்ட மாட்டான்."

"ஏன் கட்ட மாட்டான்?"

"கேளு அவனையே."

"ஒருத்தியக் கேட்டேன்," என்றான் பெர்சி. "அவங்கப்பா ஃபிட்டருக்குத் தர மாட்டேன்னுட்டாரு. வேற யாரையும் கேக்கறதா இல்ல."

அவள் என்ன சொன்னாள் என்று கேட்க வாயெடுத்தேன். டீக்கன் எழுந்து போய் அந்தத் தகட்டைப் பிடுங்கி வேலியோரம் சாத்தினார்.

"யாரு முதல்ல வர்றீங்களோ அவங்களுக்கு. இதுக்கு மேல உசுரோட இருக்கிறவன் எவனும் இங்க வந்து இடத்துக்குச் சண்டை போடக் கூடாது. போங்க."

அவர் சலிப்பில் சொன்னது. நாங்கள் இருவரும் தீர்ப்பாக எடுத்துக்கொண்டோம்.

பெர்சியைப் பற்றி மூசே என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினாள். கல்யாணமான புதிதில், சர்ச்சிலிருந்து நடந்து வரும்போது. எனக்குப் பாட்டு வராது. பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். அவள் ஆல்ட்டோ, பெண்களில் கீழ்க்குரல்; அவன் டெனர், ஆண்களில் மேல்குரல். நாலு குரல் பாட்டில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் பாட்டு அறுந்துவிடுமாம். ஒருவர் வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் இழுத்துப் பிடிக்க வேண்டுமாம். "பெர்சி எங்க மூச்சு வாங்குவான்னு எனக்குத் தெரியும். அவனுக்கும் என்னுது தெரியும். பாத்துக்கவே வேணாம்," என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அன்று இரவு அவள் தூங்கியபின் அவள் மூச்சைக் கவனித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏறியது, இறங்கியது.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஜன்னல் கம்பிகளை விட்டுவிட்டு அவர்கள் இருவரின் தோள்களைப் பார்த்தேன்.

டீக்கன் சொன்ன மறுநாள் எங்கள் படையின் கேப்டனிடம் போனேன். சூளைக்கு அனுப்புங்கள் என்றேன். வடக்கு எல்லையில் ஒரு செங்கல் சூளை எங்கள் கையில் இருந்தது. அங்கே தினம் ஒருவராவது செத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ போனா டோக்கன யாரு பாக்கறது?" என்றார் கேப்டன்.

"யாராவது."

"யாராவதுன்னா போன மாசமே ரெண்டு வண்டியும் மோதியிருக்கும். உக்காரு தரா உன் கேபின்ல."

படித்தவனைத் 'தரா' என்று மரியாதையாகக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். முற்றுகைக்கு முன் நான் இன்சேனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டர். ரங்கூன் பக்கமும் புரோம் பக்கமும் தண்டவாளம் போய்விட்ட பிறகு, ஒர்க்‌ஷாப்பிலிருந்து சூளை வரை இரண்டரை மைல் ஒற்றை வழி மட்டும் மிஞ்சியது. அதில் இரண்டு வண்டிகள் ஓடின. ஒன்று மோட்டார் டிராலி. பெர்சி அதற்குப் பாய்லர் தகட்டால் கவசம் அடித்திருந்தான். ஆட்களும் தோட்டாவும் அதில் போகும். இன்னொன்று கையால் தள்ளுகிற தண்ணீர் வண்டி. பெண்கள் தள்ளுவார்கள். வழி நெடுக மேடும் மரமும் மறைக்கும். நடுவில் ஓடைப் பாலம் மட்டும் வெட்டவெளி. எதிரி துப்பாக்கிகள் எந்நேரமும் அந்தப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே நிற்காமல் ஓடிவிட வேண்டும். எதிரே இன்னொரு வண்டி வந்தால் ஓட முடியாது.

ஆகையால் சிக்னல் கேபினில் என் பொறுப்பில் ஒரு பித்தளை டோக்கன். அது யாரிடம் இருக்கிறதோ அவர் வண்டி மட்டும் வழியில் இறங்கலாம். சமாதான காலத்து ரயில்வே சட்டம்தான். "ரெண்டரை மைல் ராஜ்யத்துக்கு ஸ்டேஷன் மாஸ்டரு" என்று என்னைக் கிண்டல் செய்தார்கள். ஆனால் ரயில்வேக்காரர்கள். டோக்கன் இல்லாமல் யாரும் சக்கரத்தை உருட்டியதில்லை.

கேப்டன் அறையிலிருந்து திரும்பும்போது எனக்கு ஒன்று புலப்பட்டது. நான் முந்த முடியாது. அவன் முந்தாமல் பார்த்துக்கொள்ளலாம்.

டிராலியை ஓட்டுகிறவர்களின் பட்டியலை நான்தான் எழுதுவேன். பெர்சி, ஐசக் என்று மாறி மாறி வரும். பெர்சியின் பெயரை அடித்தேன். 'ஒர்க்‌ஷாப்பில் தேவை' என்று எழுதினேன். பொய் இல்லை. குண்டு வார்ப்பதில் அவனுக்குச் சமமாக ஆள் கிடையாது. கேப்டன் கையெழுத்துப் போட்டார். ஐசக் வயதான ஷண்டர், யார்டில் பெட்டிகளை மாற்றிக் கோத்தவர். மூன்று பெண் பிள்ளைகள். ஏன் தினமும் நான் என்று அவர் கேட்கவில்லை.

நாலாம் நாள் பெர்சி கேபின் படிகளில் ஏறி வந்தான்.

"ஏ பி.ஏ.! என் பேர எதுக்கு அடிச்ச?"

"ஒர்க்‌ஷாப்ல ஆள் வேணும்."

"ஒர்க்‌ஷாப்ல ஆள் மேல ஆள் ஏறி நிக்கிறான். அந்த வண்டிய ஓட்டத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்."

"ஐசக் ஓட்டுறாரே."

"ஐசக்கு ஓட்டத் தெரியாது. உருட்டத்தான் தெரியும். பாலத்துல கியர் போடத் திணறுறாரு."

"கத்துக் குடு."

அவன் என் முகத்தையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். லீவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அட! நான் முந்திக்கக் கூடாதுன்னு பாக்கறியா?"

நான் பதிவேட்டில் நேரம் எழுதினேன்.

"அடப்பாவி. நீ என்னைக் காப்பாத்துறியா!"

"வேலை இருக்கு. போ."

"போறேன். நல்லா உக்காந்து எழுது. உனக்கும் ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கறேன்."

அவன் சொன்னதன் பொருள் மறுநாள் தெரிந்தது. இரண்டு ஆட்களோடு பாய்லர் தகடுகளைத் தூக்கிவந்து கேபினைச் சுற்றி அடிக்கத் தொடங்கினான். கூரைக்கு மேலே மண்மூட்டை. ஜன்னலுக்கு இரும்புச் சட்டம், பார்ப்பதற்கு நான்கு விரல் இடைவெளி. மார்ச் வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் சுடுசோற்றுப் பானைக்குள் இருப்பது போல இருந்தது.

"தம்பி, இவ்வளவு எதுக்கு?" என்று கீழே தண்ணீர் வண்டிப் பெண்கள் கேட்டார்கள்.

"தராவுக்கு ஒரு கீறல் படக் கூடாது அக்கா. பொண்டாட்டிய இழந்த மனுஷன்."

"கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்," என்றாள் ஒருத்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் அப்படித்தான் பேசியது. பெர்சி காய்ச்சலில் படுத்தபோது என் பங்கு கொய்னா மாத்திரைகளை அனுப்பினேன். விமானம் வந்த ஒரு நாள் நான் வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எங்கிருந்தோ ஓடிவந்து என்னைச் சாக்கடைக்குள் தள்ளி மேலே விழுந்தான். "சாகறதுக்கு நின்னியா, திருட்டுப் பயலே," என்று காதருகில் சீறினான். அவன் நெஞ்சு என் முதுகில் ஏறி இறங்கியது. இந்த மூச்சைத்தான் அவள் அறிந்திருந்தாள் என்று நினைத்தேன். குண்டு வேறெங்கோ விழுந்தது. பாஸ்டர் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் எங்கள் பெயரைச் சொன்னார். சகோதர அன்பு என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு நிற்கவில்லை. மூசே நின்ற இடத்தில் யாரையும் நிறுத்தவில்லை. பெர்சிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு வெற்றிடம். பாடும்போது அவன் சில இடங்களில் பாதியில் நிறுத்தி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, மீண்டும் தொடர்வான். அந்த இடத்தில் அவள் இழுத்துப் பிடித்திருப்பாள் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு அவளை அப்படிக் கேட்கத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது அவள் செருப்பு, அவள் சீப்பு, உப்புக் கூடிய மீன் குழம்பு. அவை அற்ப விஷயங்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் அவன் வைத்திருந்தது அவற்றைவிடப் பெரியதாக எனக்குப் பட்டது.

ஏப்ரலில் மூன்று நாள் சமாதானப் பேச்சு நடந்தது. துப்பாக்கிச் சத்தம் இல்லை. யாரும் சாகாததால் எங்களுக்குள்ளும் கொஞ்சம் தளர்வு. வளாகத்தில் இருவரும் ஒரே நேரத்தில் வந்து நின்றோம். அவன் ஒரு சுருட்டைப் பற்றவைத்துப் பாதியை என்னிடம் நீட்டினான்.

"நீ அவளைக் கேட்டப்ப," என்றேன், "அவங்கப்பா இல்லேன்னாரு. அவ என்ன சொன்னா?"

"எதுக்கு?"

"தெரியணும்."

"எத்தன நாளா இதை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க?"

"சொல்லு."

அவன் புகையை விட்டான். "சொல்ல மாட்டேன். உன்கிட்ட கல்யாண சர்டிபிகேட் இருக்கு. வீடு இருக்கு, அவ துணிமணி இருக்கு. என்கிட்ட அது ஒண்ணுதான் இருக்கு."

"இல்லைன்னு சொல்லியிருப்பா."

"அப்படியே வெச்சுக்க. தூக்கம் வருதா?"

வரவில்லை. அவனுக்கும் அது தெரிந்திருந்தது.

பேச்சு முறிந்தது. சண்டை முன்னைவிட மோசமானது. மே மூன்றாம் வாரத்தில் ஐசக் பாலத்தின் மேல் செத்தார். கியர் விழவில்லை. வண்டி நின்றது. கவசத்தின் இடைவெளி வழியாக ஒரே தோட்டா. அவரை மூன்றாம் வரிசையில் புதைத்தார்கள். பக்கத்தில் இடம் விடலாமா என்று டீக்கன் அவர் மனைவியைக் கேட்டார். அந்த அம்மாள் பெண்பிள்ளைகள் மூவரையும் பார்த்துவிட்டு, "நாலு விடுங்க," என்றாள்.

அது என் பட்டியல். நான் எழுதியது. அதைச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

மறுநாள் காலை பெர்சி கேபினுக்கு வந்தான். கிண்டல் இல்லை, கத்தவும் இல்லை.

"டோக்கன் குடு."

"இல்ல."

"சூளையில தோட்டா தீந்துபோச்சு. வண்டியில ஏத்தி வெச்சிருக்கேன். டோக்கன் குடு தூவா."

"என்கிட்ட இல்ல. தண்ணி வண்டி எடுத்துட்டுப் போயிருக்கு. சூளையிலேருந்து திரும்பி வந்துட்டிருக்காங்க. அரை மணி பொறு."

"ஒவ்வொரு தடவையும் ஒண்ணு சொல்ற. பிரேக் சரியில்லம்ப. கேப்டன் வேணாம்னாரும்ப. தண்ணி வண்டி போயிருக்கும்ப."

"இப்ப நிஜமாப் போயிருக்கு. பெட்டியப் பாரு. காலி."

"டோக்கன எங்க ஒளிச்சிருக்க?"

"பெர்சி, ஒளிக்கல."

"என் இடத்துல ஐசக் போனாரு. உனக்குத் தெரியுமா? ஒரு குழிக்காக என்னைக் கட்டிப் போட்ட. அவரு போனாரு."

படியிறங்கிப் போனான். நான் பின்னால் ஓடினேன். கைவிளக்கின் சிவப்புக் கண்ணாடியை ஆட்டினேன். பகல் வெளிச்சத்தில் அது என்ன தெரியும்? டிராலி ஏற்கனவே முனை திரும்பியிருந்தது. அதன்பின் என்ன நடந்தது என்பதைத் தண்ணீர் வண்டிப் பெண்கள்தான் சொன்னார்கள். அவர்கள் பாலத்தின் மேல் பாதி வந்துவிட்டார்கள். எதிரே டிராலி. பெர்சி பிரேக்கைப் போட்டு நிறுத்தினான். பின்னால் எடுத்திருக்கலாம். மேடு ஏறிப் பின்வாங்க நேரம் ஆகும், அதுவரை பெண்கள் வெட்டவெளியில் நிற்க வேண்டும். இறங்கினான். "ஓடுங்கக்கா, பள்ளத்துல எறங்குங்க," என்று கத்தியபடி, டிராலிக்கு வழி கிடைக்கத் தண்ணீர் வண்டியைத் தானே சூளைப் பக்கம் திரும்பத் தள்ளினான். மறைவுக்குள் வண்டி போகும்வரை நிமிர்ந்துதான் தள்ளினானாம். தொடையில் ஒன்று, விலாவில் ஒன்று. பெண்கள் மூவருக்கும் ஒன்றும் இல்லை. அவர்களில் ஒருத்தியின் கழுத்தில் டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் விழுந்த பிறகு அதைப் பார்த்தானாம்.

"பாத்துட்டு என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"'அந்த நாயி நிஜத்தச் சொல்லியிருக்கான்'னு சொன்னாரு தரா."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் டோரா கையைக் கழுவிக்கொண்டே பேசினாள். "ரத்தம் ரொம்பப் போயிருக்கு. அசைக்காம வெச்சாலும் உறுதி சொல்ல முடியாது. அசைச்சா அதுவும் இல்ல. ராத்திரி முழுக்க நீங்க உக்காந்திருந்தீங்களாமே? வீட்டுக்குப் போங்க."

போகவில்லை. அவன் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே வாங்குகிறான், எங்கே விடுகிறான் என்று இந்தமுறை நன்றாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் உத்தரவு வந்தது. இன்சேனை விட்டுவிடப் போகிறோம். லைங் ஆற்றைத் தாண்டி மேற்குக் கரைக்கு. நடக்க முடிந்தவர்கள், தூக்க முடிந்தவர்கள் முதலில். அசைக்கக் கூடாதவர்கள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும், எதிரி மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கேப்டன் சொன்னார். டீக்கன் எப்ராயிமும் இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். "இத்தன பேர விட்டுட்டு நான் எங்க போறது?" என்றார். வளாகத்தில் புதைந்திருந்த நூற்றுப் பத்துப் பேரைச் சொன்னார்.

பெர்சிக்குச் செய்தி தெரிந்தபோது அவன் முகம் தெளிந்தது. மூசே இறந்த பிறகு அவன் முகத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

"அப்ப நான் இங்கதான்," என்றான். "டீக்கன்கிட்ட சொல்லிட்டேன். தகட்டத் தொடச்சு வெக்கச் சொல்லியிருக்கேன்."

"பொழைச்சிடுவ."

"மாட்டேன். டோராவக் கேளு." என் கையைத் தட்டிக்கொடுத்தான். வெற்றி பெற்றவன் தோற்றவனைத் தட்டுவது போல. "போயிட்டு வா பி.ஏ. நல்லபடியா இரு. கட்டிக்க யாரையாவது."

நான் வெளியே வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். கேபினுக்குப் போய்ப் பெட்டியிலிருந்து டோக்கனை எடுத்துக்கொண்டேன். தண்ணீர் வண்டியிலிருந்து பீப்பாயை இறக்கிவிட்டு வைக்கோல் பரப்பினேன். ஆஸ்பத்திரி வாசலை ஒட்டிய தண்டவாளத்தில் தள்ளிவந்து நிறுத்தினேன். இரண்டு பேரைக் கூப்பிட்டு, கேப்டன் உத்தரவு என்று பொய் சொல்லி, கட்டிலோடு அவனைத் தூக்கி ஏற்றினேன்.

"என்ன செய்யற?" என்றான் பெர்சி. "ஏய். என்ன செய்யற நீ?"

"ஆத்துக்கு."

"அசைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா!"

டோரா ஓடிவந்தாள். "தரா, வழியிலயே போயிடுவாரு."

"போக மாட்டான்," என்றேன்.

ஆற்றுத் துறைக்குப் பழைய மர ஏற்றுமதித் தண்டவாளம் ஒன்று உண்டு. ஒரு மைல். தனியாகத் தள்ளினேன். வழியில் மூட்டை முடிச்சோடு போன ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஓர் ஆள் தொப்பியைக் கழற்றினான். "இந்தக் காலத்துல யாரு செய்வா," என்று ஒரு கிழவர் சொன்னது கேட்டது. வேலியோரமாக வண்டி சர்ச் வளாகத்தைத் தாண்டியபோது பெர்சி வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வண்டி நின்றது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.

"தூவா," என்றான். "தூவா, கேளு. எறக்கி விடு. அவ தனியாக் கெடப்பா."

"கெடக்கட்டும்."

"நீ மனுஷனே இல்ல."

"சரி."

"சொல்றேன். அவ என்ன சொன்னான்னு சொல்றேன். எறக்கி விடு, சொல்லிடறேன்."

தள்ளுவதை நிறுத்தினேன். மழை அவன் முகத்தில் விழுந்தது. உதடு வெளுத்திருந்தது. ஒரு வார்த்தை. ஆம் அல்லது இல்லை. பதினான்கு மாதமும் அதற்குப் பிறகும் நான் கேட்க விரும்பியது அது ஒன்றுதான். அதை வாங்கிக்கொண்டு இவனை இங்கே விட்டால் இன்று மாலைக்குள் அவள் பக்கத்தில் படுத்திருப்பான். உலகம் உள்ளவரை படுத்திருப்பான்.

மறுபடி தள்ளினேன்.

படகில் பன்னிரண்டு பேர். நடு ஆற்றில் பெர்சி பலமெல்லாம் கூட்டித் தண்ணீர்ப் பக்கம் புரளப் பார்த்தான். அவன் காலரையும் இடுப்புத் துணியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். கரை வரும்வரை விடவில்லை. மூசேயைக்கூட நான் அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை. பின்னால் ஒர்க்‌ஷாப் பக்கம் புகை எழுந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்து அழுதார்கள். நான் அவன் காயக்கட்டில் சிவப்பு பரவுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேற்குக் கரையில் ஒரு கரேன் கிராமத்தில் ஒரு விதவை தன் வீட்டில் எங்களுக்குப் பாய் போட்டுக் கொடுத்தாள். நான்கு நாள் ஜுரம். வேளைக்கு வேளை கட்டு மாற்றினேன். காயத்தில் புழு வைக்காமல் பார்த்தேன். மலம் அள்ளினேன். ஐந்தாம் நாள் காலை அவன் நெற்றி குளிர்ந்திருந்தது. கண்ணைத் திறந்து மூங்கில் கூரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இன்சேன் என்னாச்சு?"

"புடிச்சுட்டாங்க."

"சர்ச் வளாகம்?"

"தெரியாது."

"அந்த எடம்?"

"காலியாத்தான் இருக்கும்."

சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் தோள் அசைந்தது. அழுகிறான் என்று தெரிந்தது. இப்போதும் அவனால் முடிகிறது.

விதவை மூங்கில் குருத்துப் போட்ட கஞ்சியை மண்சட்டியில் கொண்டுவந்து வைத்தாள். ஆவி பறந்தது. குத்துக்காலிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அஞ்சு நாளாப் பாக்கறேன் தம்பி. பெத்த தாய்கூட இப்படிப் பாக்க மாட்டா. யாரு இவரு, உங்க அண்ணனா?"

நான் பதில் சொல்வதற்குள் சுவர்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"சகலை," என்றான் பெர்சி.

"அப்படியா! ஒரே வீட்டுல பொண்ணு எடுத்தீங்களா?"

"ஒரே வீட்டுலதான்."

"பொண்ணுங்க ரெண்டு பேரும் எங்க?"

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். என்ன சொல்வாய் என்பது போல. கண் ஈரமாக இருந்தது, ஆனால் வாயோரம் பழைய சிரிப்பு. நான் இல்லை என்று சொல்லலாம். சொன்னால் என்ன உறவு என்று அவள் கேட்பாள்.

"ஊர்லயே இருக்காங்க," என்றேன்.

விதவை நாக்கைச் சப்புக் கொட்டிவிட்டு எழுந்து போனாள். பெர்சி என்னைப் பார்த்தபடியே வாயைத் திறந்தான். சட்டியை மடியில் வைத்துக்கொண்டு கரண்டி நிறைய எடுத்தேன். கொதிக்கக் கொதிக்க இருந்தது. ஊதாமல் அவன் வாயில் வைத்தேன்.